இரண்டு வார மாத்திரையில் கரையும் புற்றுநோய்... தெரியுமா?

பயாப்சியில் புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. ஆனால் கீமோ கிடையாது, கதிர்வீச்சு கிடையாது, கத்தி வைப்பதும் கிடையாது. அல்சருக்குக் கொடுக்கும் அதே ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளை இரண்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மாதங்கள் கழித்து எண்டோஸ்கோப்பி விட்டுப் பார்த்தால், இருந்த இடம் தெரியாமல் கட்டி கரைந்திருக்கிறது! இரைப்பை மால்ட் லிம்போமா என்ற அபூர்வ நோயை ஆரம்ப நிலையிலேயே பிடித்துவிட்டால், நான்கில் மூன்று பேருக்கு நடப்பது இதுதான். தெரியுமா?

லிம்போமா என்பது உடலைக் காவல் காக்கும் வெள்ளையணுக்களில் தோன்றும் புற்றுநோய். கழுத்திலோ அக்குளிலோ தொடையிடுக்கிலோ வலியில்லாமல் நெறி கட்டுவதுதான் பலருக்கு முதல் அறிகுறி. இதில் 80-க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன! ஒன்றுக்கு மாத்திரை போதும், ஒன்றுக்கு வெளிச்சம் போதும், ஒன்றுக்கு அறுவைசிகிச்சையோடு வேலை முடிந்தது, இன்னொன்றுக்கோ கையில் இருக்கும் அத்தனை ஆயுதமும் வேண்டும். ஆரம்ப நிலையில் ஒருவர் பிழைப்பதற்கு, மருந்து எவ்வளவு கடுமையானது என்பதைவிட, மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர் எந்த லிம்போமா என்று சரியாகச் சொன்னாரா என்பதே பெரிய காரணம்.

அந்த மாத்திரைக் கதை எங்கே தொடங்கியது தெரியுமா? ஆஸ்திரேலியாவில், ஒரு ஈஸ்டர் விடுமுறையில்! ராயல் பெர்த் மருத்துவமனையின் நோய்க்குறியியல் மருத்துவர் ராபின் வாரன், இரைப்பையிலிருந்து எடுத்த சதைத் துணுக்குகளில் சுருள் சுருளான ஒரு பாக்டீரியாவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். இரைப்பை அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்பது அன்றைய பாடப்புத்தகம். இளம் மருத்துவர் பேரி மார்ஷல் அவரோடு சேர்ந்துகொண்டார். ஆய்வகத்தில் அந்தக் கிருமியை வளர்க்கப் பார்த்தார்கள். இரண்டு நாளில் ஒன்றும் தெரியாததால் தட்டுகளைக் கழித்துவிடுவது வழக்கமாக இருந்தது. 1982 ஈஸ்டருக்கு ஆய்வகம் மூடியிருந்ததால் தட்டுகள் கூடுதலாகச் சில நாள் அப்படியே கிடந்தன. திரும்பி வந்து பார்த்தால், முளைத்திருக்கிறது! நிதானமாக வளரும் கிருமிக்கு அதுவரை யாரும் அவகாசமே கொடுத்திருக்கவில்லை. அல்சருக்கு இந்தக் கிருமிதான் காரணம் என்று அவர்கள் சொன்னதை அப்போதும் உலகம் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே எடுத்துக் குடித்துவிட்டார். சில நாட்களில் வாந்தி, இரைப்பையில் அழற்சி. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு! ஹெலிகோபாக்டர் பைலோரி என்று இன்று நாம் அழைப்பது அந்தக் கிருமியைத்தான்.

இதற்கிடையே இங்கிலாந்தில் பீட்டர் ஐசக்சன், டென்னிஸ் ரைட் என்ற இரண்டு நோய்க்குறியியல் மருத்துவர்கள் 1983-ல் புதிய வகை லிம்போமா ஒன்றை விவரித்தார்கள். அதுதான் மால்ட். குடல், இரைப்பை, கண், உமிழ்நீர்ச் சுரப்பி என்று உள்தோல் படர்ந்த இடங்களில் வருவது. 1991-ல் ஐசக்சனின் குழு 110 இரைப்பை லிம்போமா மாதிரிகளை எடுத்து, அவற்றில் பெர்த்தின் கிருமி இருக்கிறதா என்று தேடியது. 92 சதவீதத்தில் இருந்தது! 1993-ல் அடுத்த படி. ஆறே ஆறு நோயாளிகளுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் கிருமியை ஒழித்தார்கள். ஐந்து பேரின் லிம்போமா மறைந்துபோனது. ஆறு பேரை வைத்து உலகத்தின் சிகிச்சை முறையையே மாற்றிய ஆய்வு இது!

எப்படி நடக்கிறது? ஆரோக்கியமான இரைப்பையில் நிணநீர்த் திசு கிட்டத்தட்டக் கிடையவே கிடையாது. கிருமி வந்து குடியேறிய பிறகுதான் வெள்ளையணுக்கள் அங்கே கூடாரம் போடுகின்றன. ஆண்டுக்கணக்கில் கிருமியின் தூண்டுதலிலேயே பெருகிப் பெருகி, ஒரு கட்டத்தில் அவற்றில் ஒரு கூட்டம் புற்றாக மாறுகிறது. ஆனால் ஆரம்ப காலத்தில் அந்தப் புற்றணுக்களுக்குச் சொந்தக் கால் இல்லை. கிருமியின் தூண்டுதல் இருக்கும்வரைதான் அவை பெருகும். கிருமியை ஒழித்ததும், அடுப்பை அணைத்தவுடன் பொங்கிய பால் இறங்குவதுபோல, அவை அடங்கிவிடுகின்றன.

உடனே அடங்குவதில்லை. கிருமி இரண்டு வாரத்தில் போகும். லிம்போமா முழுதாக மறைய ஓராண்டு, சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். அதனால் நுண்ணோக்கியில் கொஞ்சம் மிச்சம் தெரிகிறதென்று அவசரப்பட்டு அடுத்த சிகிச்சைக்குத் தாவ வேண்டாம், பொறுத்துக் கண்காணியுங்கள் என்று வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன. புற்றுநோய் மருத்துவத்தில் காத்திருப்பதும் ஒரு சிகிச்சையாக இருக்கும் அதிசயம்! 11-ஆம், 18-ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்ட சிலருக்கு மட்டும் மாத்திரை பெரும்பாலும் பலிப்பதில்லை. அவர்களின் புற்றணுக்கள் கிருமியின் தயவு இல்லாமலே வாழக் கற்றுக்கொண்டவை. அவர்களுக்கும் மிதமான கதிர்வீச்சு இருக்கிறது, அதுவும் அபாரமாக வேலை செய்கிறது. ஐந்தாண்டு தாண்டி வாழ்பவர்கள் 90 சதவீதத்துக்கும் மேல்!

இதே மால்ட் கண்ணைச் சுற்றியும் வரும். இத்தாலியின் மிலான் நகரத்தில் ஆந்திரேஸ் ஃபெரேரியின் குழு, கிளிகளுக்கும் புறாக்களுக்கும் நோய் தரும் கிளாமிடியா சிட்டாசி என்ற பாக்டீரியாவை இந்தக் கண் லிம்போமாக்களில் கண்டுபிடித்தது. டாக்சிசைக்ளின் மாத்திரை மூன்று வாரம். கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குக் கட்டி சுருங்கியது! ஆனால் இந்தக் கிருமி எல்லா நாட்டு நோயாளிகளிடமும் இருப்பதில்லை. அங்கெல்லாம் கதிர்வீச்சு, நம் ஊரில் கரண்ட் வைப்பது என்பார்களே, அது கைகொடுக்கிறது. அதிலும் ஓர் ஆச்சரியம் கேளுங்கள்: இந்த வகைக்கு வழக்கமான அளவு 24 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). இரண்டே நாளில் இரண்டிரண்டாக மொத்தம் 4 கிரே மட்டும் கொடுத்தாலும் பலருக்குக் கட்டி மறைகிறது! மேற்கத்திய மருத்துவர்கள் இதற்குச் செல்லமாக வைத்திருக்கும் பெயர் ‘பூம் பூம்’. நீண்ட நாள் கட்டுப்பாட்டில் 24 கிரேதான் மேல் என்று நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு காட்டியிருக்கிறது. ஆனாலும் கண்ணின் லென்ஸையும் கண்ணீர்ச் சுரப்பியையும் காப்பாற்ற நினைக்கும்போது அந்த 4 கிரே எவ்வளவு பெரிய வரம்!

இப்போது உகாண்டாவுக்கு வாருங்கள். மால்ட்டைக் கண்டுபிடித்த டென்னிஸ் ரைட் இளவயதில் வேலை பார்த்த ஊர் கம்பாலா என்பது தெரியுமா? அங்கே அவரோடு இருந்தவர் அறுவைசிகிச்சை மருத்துவர் டெனிஸ் பர்கிட். சிறுவயதிலேயே ஒரு கண்ணை இழந்தவர். 1957-ல் ஒரு சிறுவனை அவரிடம் காட்டினார்கள். மேல்தாடை, கீழ்த்தாடை, இடம், வலம் என நான்கு பக்கமும் வீக்கம். கொஞ்ச நாளில் ஜிஞ்சா என்ற ஊரில் அச்சு அசலாக அதே முகத்தோடு ஒரு சிறுமி! ஒற்றைக் கண்ணோடு அவர் பார்த்ததை இரண்டு கண்ணுள்ளவர்கள் எத்தனையோ பேர் பார்த்தும் கடந்துபோயிருந்தார்கள். பழைய ஃபோர்டு வண்டி ஒன்றில் 1961-ல் நண்பர்கள் இருவரோடு கிளம்பி, ஆப்பிரிக்காவில் சுமார் 10,000 மைல் சுற்றி, எந்த ஊரில் இந்த நோய் இருக்கிறது, எங்கே இல்லை என்று வரைபடம் போட்டார். மலேரியா இருக்கும் வெப்ப மண்டலத்தோடு அது பொருந்தி நின்றது!

அதே ஆண்டு லண்டனில் பர்கிட் பேசிய கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர் ஆண்டனி எப்ஸ்டீன். இது வைரஸின் வேலையாக இருக்கலாம் என்று அவருக்குப் பொறி தட்டியது. கம்பாலாவிலிருந்து கட்டித் துணுக்குகள் விமானத்தில் வர ஏற்பாடு. இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் பார்த்தும் எதுவும் சிக்கவில்லை. 1963 இறுதியில் ஒரு நாள் லண்டனில் மூடுபனி. விமானம் மான்செஸ்டருக்குத் திருப்பப்பட்டது. தாமதமாக வந்து சேர்ந்த குப்பியில் திரவம் கலங்கியிருந்தது. கெட்டுப்போய்விட்டது என்று கொட்டியிருக்க வேண்டும். எப்ஸ்டீன் ஒரு சொட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். கலங்கலுக்குக் காரணம், பயணக் குலுக்கலில் கட்டியிலிருந்து கழன்று உயிரோடு மிதந்த புற்றணுக்கள்! அவற்றை வளர்த்துத்தான் 1964-ல் எப்ஸ்டீன், பெர்ட் அச்சாங், இவான் பார் மூவரும் மனிதப் புற்றுநோயோடு தொடர்புள்ள முதல் வைரஸைக் கண்டார்கள். எப்ஸ்டீன்-பார் வைரஸ்!

பர்கிட் லிம்போமா ஒன்றிரண்டு நாளில் இருமடங்காகும் அளவுக்கு வேகமானது. அந்த வேகமே அதன் பலவீனமும்கூட. ஓயாமல் பிரியும் அணுக்களைத்தான் கீமோ மருந்து எளிதில் வீழ்த்தும். கம்பாலாவில் சைக்ளோபாஸ்பமைடு ஒரே ஒரு தவணை கொடுத்தே சில குழந்தைகள் நிரந்தரமாகப் பிழைத்தார்கள். இன்று ஆரம்ப நிலையில் கட்டியை முழுதாக அகற்ற முடிந்த குழந்தைகளுக்கு இரண்டே இரண்டு சுற்று கீமோ. பிரான்சு, அமெரிக்கா, பிரிட்டன் சேர்ந்து நடத்திய ஆய்வில் அப்படிப்பட்டவர்களில் 98 சதவீதம் பேர் நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் நோய் திரும்பாமல் இருந்தார்கள்!

அந்த இரண்டு சுற்றில் போகும் மருந்துகளின் பூர்விகத்தைக் கேட்டால் மயிர்க்கூச்செறியும். வின்கிரிஸ்டின் நம் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வருவது. தென்மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் விளைந்து மருந்துக்காக ஏற்றுமதியாகும் அதே செடி. சைக்ளோபாஸ்பமைடு போர்க்களத்து நச்சு வாயுவின் வழித்தோன்றல். 1943 டிசம்பர் 2 அன்று இத்தாலியின் பாரி துறைமுகத்தில் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டபோது, ஜான் ஹார்வி என்ற அமெரிக்கக் கப்பலில் ரகசியமாக வைத்திருந்த மஸ்டர்டு வாயு கசிந்து, அதில் சிக்கியவர்களின் வெள்ளையணுக்கள் சரிந்தன. அந்தக் குடும்பத்து ரசாயனம் லிம்போமாவைச் சுருக்கும் என்பதை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் அதற்கு முந்தைய ஆண்டே ரகசியமாகச் சோதித்திருந்தார்கள். மூன்றாவது மருந்து டாக்சோரூபிசின். அது காஸ்டல் டெல் மாண்டே என்ற பழைய கோட்டையருகே எடுத்த மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரின் வழியாகக் கிடைத்தது. அந்தக் கோட்டை எங்கே இருக்கிறது தெரியுமா? பாரி இருக்கும் அதே அபூலியா மாநிலத்தில்!

எப்ஸ்டீன்-பார் வைரஸ் இன்னொரு அபூர்வ லிம்போமாவிலும் ஒளிந்திருக்கிறது. சீனா, ஜப்பான், கொரியா பக்கம் அதிகம் காணப்படும் இது மூக்கில் வரும் என்.கே-டி செல் லிம்போமா. ஒரு பக்க மூக்கடைப்பு, ரத்தக் கசிவு. சைனஸ் என்று மாதக்கணக்கில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருப்பார்கள். முகத்தின் நடுப்பகுதியையே அரித்துவிடும் கொடூரத்தால் அந்தக் காலத்தில் இதன் பெயரிலேயே மரணம் இருந்தது. மற்ற லிம்போமாக்களுக்குக் கொடுக்கும் வழக்கமான கீமோ இதற்குச் சரிவர எடுபடாது. ஏன் தெரியுமா? இந்த அணுக்களின் சவ்வில் ஒரு பம்ப் இருக்கிறது. டாக்சோரூபிசின் உள்ளே போகப் போக அது வெளியே இறைத்துவிடும்! சரியான பெயர் தெரியாமல் பொத்தாம்பொதுவாக மருத்துவம் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கூரான உதாரணம் எனக்குத் தெரியாது.

இங்கே கைகொடுத்தவை இரண்டு. ஒன்று, தள்ளிப்போடாமல் ஆரம்பத்திலேயே கொடுக்கும் வலுவான கதிர்வீச்சு. ஜப்பானில் கதிர்வீச்சையும், அந்தப் பம்புக்குச் சிக்காத மருந்துகளையும் ஒரே நேரத்தில் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் பரவாத நிலையில் இருந்தவர்களில் 10-க்குச் சுமார் 7 பேர் ஐந்து ஆண்டைக் கடந்தார்கள்! மற்றொன்று, சீமைப்பெருச்சாளி என்னும் கினி பன்றி தந்த கொடை. நியூயார்க்கில் ஜான் கிட் 1953-ல் அதன் ரத்தத் தெளிநீரை லிம்போமா உள்ள எலிகளுக்குச் செலுத்த, கட்டிகள் மறைந்தன. முயல், குதிரை ரத்தத்தில் அந்தச் சக்தி இல்லை. என்ன மாயம் என்று துப்புத் துலக்கிய ஜான் புரூம், 1961-ல் அஸ்பாராஜினேஸ் என்ற நொதியே காரணம் என்று காட்டினார். நம் அணுக்கள் அஸ்பாராஜின் என்ற அமினோ அமிலத்தைத் தாமே தயாரித்துக்கொள்ளும். இந்தப் புற்றணுக்களுக்கு அந்தத் திறன் போதாது. ரத்தத்தில் இருக்கும் அஸ்பாராஜினை நொதி தின்றுவிட, அவை பட்டினியில் சாகின்றன! இன்று என்.கே-டி சிகிச்சையில் இந்த நொதிக்கு முதல் வரிசையில் இடம்.

அஸ்பாராஜினைப் பாரிசில் முதன்முதலாகப் பிரித்தெடுத்த ஆண்டு 1806. அதே ஆண்டு, அதே பாரிசில், ழான் லூயி அலிபெர் என்ற மருத்துவர் ஒரு நோயாளியின் தோலில் காளான்போல முளைத்த கட்டிகளை விவரித்தார். அதற்கு நிலைத்த பெயர் மைகோசிஸ் ஃபங்காய்டஸ். காளானுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தோலில் வரும் லிம்போமா அது. வெயில் படாத இடுப்பிலும் தொடையிலும் படைபோலத் தொடங்கி, எக்சிமா என்றே ஆண்டுக்கணக்கில் களிம்பு தடவ வைத்துவிடும்.

அதன் ஆரம்ப நிலைக்குச் சிகிச்சை என்ன தெரியுமா? வெளிச்சம்! குறிப்பிட்ட அலைநீளத்தில் புற ஊதாக் கதிர், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை. இன்னொரு வகையில் சோரலென் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கதிரில் நிற்க வேண்டும். சோரலென் நம் நாட்டு மருந்துக் கடைகளில் கார்போகரிசி என்று கிடைக்கும் விதையில் இருக்கும் பொருள். வெண்புள்ளிக்கு இந்தியாவிலும், அதன் உறவுப் பொருளுள்ள வேறொரு செடியை எகிப்திலும் வெயிலோடு சேர்த்துக் காலங்காலமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். (தயவுசெய்து யாரும் தாமாகப் பூசிக்கொண்டு வெயிலில் நிற்காதீர்கள். தோல் வெந்துவிடும், அளவு மருத்துவர் கையில்தான் இருக்க வேண்டும்.) உடம்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தோலில் மட்டும் இந்த நோய் உள்ளவர்கள், அது இல்லாதவர்கள் வாழும் அளவுக்கே வாழ்கிறார்கள் என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1996-ல் கணக்கிட்டுச் சொன்னது. அப்படியானால் கடுமையாக அடித்தால் இன்னும் நல்லதா? அதையும் 1989-லேயே 103 பேரிடம் சோதித்துவிட்டார்கள். தொடக்கத்திலேயே எலக்ட்ரான் கதிர்வீச்சும் கீமோவும் சேர்த்துக் கொடுத்தவர்கள், மென்மையான மேற்பூச்சில் தொடங்கியவர்களைவிட நீண்ட காலம் வாழவில்லை. பக்க விளைவு மட்டும் கூடியது!

கத்தி மட்டுமே போதுமான லிம்போமாவும் இருக்கிறது. மார்பகத்தில் சொரசொரப்பான மேற்பரப்புள்ள செயற்கை உறை பொருத்திக்கொண்ட பெண்களில் மிகச் சிலருக்கு, சராசரியாக எட்டு, பத்து ஆண்டு கழித்து அதைச் சுற்றி நீர் கோத்து வீங்கும். அந்த நீரில் லிம்போமா! உறையையும் அதைச் சுற்றி உடல் உருவாக்கிய சவ்வுப் பையையும் மிச்சமில்லாமல் எடுத்துவிட்டால், ஆரம்ப நிலையில் பெரும்பாலானவர்களுக்கு கீமோவே தேவையில்லை. ஹாட்ஜ்கின் லிம்போமாவில் இருபதில் ஒன்றாக வரும் ஓர் அபூர்வ வகையிலும் இப்படித்தான். அதன் அணுக்கள் பார்க்கப் பொரித்த சோளம் மாதிரி இருக்கும். ஒரே ஒரு நெறி மட்டும் பாதிக்கப்பட்ட 52 குழந்தைகளுக்கு அதை மட்டும் அகற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். ஐந்து ஆண்டில் நான்கில் மூன்று பேருக்கு வேறெந்தச் சிகிச்சையும் தேவைப்படவில்லை, நோய் திரும்பியவர்களுக்கு மறுபடி சிகிச்சை கொடுத்தார்கள், ஒரு குழந்தைகூட இறக்கவில்லை!

ஆனால் ஆரம்ப நிலை என்றாலே லேசான சிகிச்சை போதும் என்று நினைத்துவிடக் கூடாது. விரையில் வரும் லிம்போமாவைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் வீக்கம், அகற்றியாயிற்று, ஸ்கேனில் வேறெங்கும் ஒன்றுமில்லை. அப்படி இருந்தும் பல ஆண்டு கழித்து மூளையிலோ மறு விரையிலோ அது தலைகாட்டும்! இந்த இரண்டு இடங்களுக்கும் ரத்தத்திலிருந்து மருந்து எளிதில் நுழைய முடியாத தடுப்பு இருக்கிறது. அதனால் கீமோவோடு, முதுகுத் தண்டு நீரில் ஊசி வழியே மருந்து, நோயில்லாத மறு பக்கத்துக்கும் கதிர்வீச்சு என மூன்றையும் சேர்த்தார்கள். இப்படி அபூர்வ இடங்களில் வரும் லிம்போமாக்களுக்காகவே சுவிட்சர்லாந்தை மையமாகக் கொண்டு ஒரு சர்வதேசக் குழு இயங்குகிறது. ஒரு நாட்டில் போதிய நோயாளிகள் கிடைக்காததால், பல நாடுகளிலிருந்து அவர்கள் திரட்டியதே 53 பேரைத்தான். ஐந்து ஆண்டில் 85 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள்!

நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன், இதை ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன். கழுத்தில் நெறி கட்டினால் இங்கே முதல் சந்தேகம் காசநோய்; பல நேரம் அது சரியும்கூட. ஆனால் சதை எடுத்துப் பார்க்காமலேயே காசநோய் மாத்திரையைத் தொடங்கி, வீக்கம் குறையவில்லை என்று மாதங்கள் கழித்து வந்து நிற்கும் லிம்போமா நோயாளிகள் ஏராளம். ஆரம்ப நிலை என்ற பொன்னான வாய்ப்பு அந்த மாதங்களில்தான் நழுவுகிறது. இன்னொன்று, பரிசோதனைக்கு முன்பே கொடுக்கப்படும் ஸ்டீராய்டு. அது லிம்போமா அணுக்களைத் தற்காலிகமாகக் கரைத்து, பயாப்சியில் எதுவும் தெரியாமல் செய்துவிடும். ஊசியால் உறிஞ்சி எடுக்கும் சோதனையும் பல நேரம் போதாது. அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதையும் பார்த்துத்தான் வகையைச் சொல்ல முடியும். முடிந்தால் நெறியை முழுதாக எடுப்பதே நல்லது.

அப்படி எடுத்த சதை என்ன ஆகிறது தெரியுமா? மெழுகில் பதித்து வைக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் ‘பிளாக்’ என்பார்கள். அறை வெப்பத்திலேயே ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். பெர்த்தின் கிருமியைத் தேடி ஐசக்சனின் குழு புரட்டிய அந்த 110 மாதிரிகளும் இப்படிப் பாதுகாத்த சதைகள்தான்! கிருமிக்கும் லிம்போமாவுக்கும் உறவு இருக்கலாம் என்று யாருமே யோசிக்காத காலத்தில் எடுத்து வைத்தவையும் அவற்றில் உண்டு. உங்கள் வீட்டில் ஒருவருக்கு ரிப்போர்ட்டில் வெறுமனே லிம்போமா என்று மட்டும் எழுதியிருந்தால், எந்த வகை என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் அந்தப் பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கி, லிம்போமாவையே பார்த்துப் பழகிய நோய்க்குறியியல் மருத்துவர் ஒருவரிடம் காட்டுங்கள். அதற்காக மறுபடி கத்தி வைக்க வேண்டியதில்லை.